காலிக் கட்டத்தில் சைபர் போடாதே

ஆத்தா,

நேற்று போனில் "எனக்கு அந்த வேலை வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். நான் ஏன் என்று கேட்டுவிடுவேனோ என்றுதான் வைத்தாய் என்பது எனக்குத் தெரியாதா? மறுபடி கூப்பிட்டால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் அது மேஜையிலேயே கிடக்கும், பிறகு எடுத்துப் படிக்கலாம். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, கோடு போட்ட தாளிலேயே கோடு தெரியவில்லை. வாத்தியாரம்மாவாக இருந்து மார்க் குறைக்காமல் படி.

பெங்களூரில் இருந்து வந்த அந்த வேலை ஆர்டரை என்னிடம் ஏன் காட்டினாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வேண்டாம் என்று முடிவு செய்தவள் கிழித்துப் போட்டிருக்கலாம். தேவாரத்தில் இருந்து பஸ் ஏறி வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு என் முன்னால் வைத்து, "சும்மா பாருங்க" என்றாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிகளில் இருந்து வாராவாரம் வருகிற நோயாளிகள் எண்ணிக்கையை வாங்கி, சரிபார்த்து, டாக்டர்கள் ஒரு பார்வையில் புரிந்துகொள்கிற மாதிரி வரைபடமாக்கித் தர வேண்டும் என்று போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நீ எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

நாலு வருஷமாக நீ அந்தத் தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாய். தப்பான வேலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாடப் புத்தகத்தில் எக்செல் வருகிற பகுதியை மட்டும் வேறொரு டீச்சரிடம் தள்ளிவிடுகிறாய் என்று உன் ஹெட்மாஸ்டர் என்னைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். "நல்லாத் தெரிஞ்ச பிள்ளைதான், ஏன் சார் இப்படிப் பயப்படுது?" என்றார். வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் ஆபீசுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலை என்றால் கிணற்றுக்கு குளோரின் போடுவது, கொசு மருந்து அடிக்க ஆள் அனுப்புவது, வீடு வீடாகப் போய்த் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்லி வசவு வாங்குவது என்று இருந்தவன் நான். திடீரென்று ஒரு பெட்டியை இறக்கி, இனிமேல் எல்லா எண்ணிக்கையும் இதில்தான் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி என்று தேனிக்குக் கூப்பிட்டு, மவுஸைப் பிடிப்பதற்கே ஒரு பொழுதை ஓட்டினார்கள். என்னைவிடச் சின்னப் பையன் ஒருத்தன் என் கையைப் பிடித்து நகர்த்திக் காட்டினான். எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் கையை உதறிவிட்டேன். எங்கள் ஆபீசில் அதற்கு வெல்வெட் துணி போட்டு மூடி வைத்தோம். ஆயுத பூஜைக்குத் திரையில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பொரி உள்ளே போய் இரண்டு பட்டன் அழுந்தாமல் போனது.

அந்தக் குங்குமத்தை யாரும் சரியாகத் துடைக்கவில்லை. அடுத்த மாதம் டாக்டர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "அது என்னய்யா, அந்த ஊர்ல மட்டும் வயித்துப்போக்கு உச்சத்துல நிக்குது?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். கடைசியில் அவரே விரலால் தொட்டுப் பார்த்தார், விரல் சிவப்பானது. இதை வீட்டில் சொன்னபோது உன் அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்ததை நினைத்துக்கொண்டால்தான் இந்தக் கடிதத்தை என்னால் மேலே எழுத முடியும், அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

நீ அப்போது ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ. பள்ளிக்கூடம் விட்டு ஆபீசுக்கு வருவாய். ஒருநாள் நான் எக்செல்லில் எண்களை வரிசையாக அடித்துவிட்டு, பக்கத்தில் கால்குலேட்டரை வைத்துக் கூட்டி, வந்த விடையைக் கீழே அடித்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்ச நேரம் பார்த்தாய். "ப்பா, அதுவே கூட்டும்பா" என்றாய். எட்டி ஒரு பட்டனைத் தட்டினாய். மொத்தம் வந்து விழுந்தது. நான் விடுவேனா, கால்குலேட்டரில் கூட்டி அது சரிதானா என்று சரிபார்த்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் உனக்குப் பன்னீர் திராட்சை வாங்கிக் கொடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை, அதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். வந்த எண்ணிக்கையை ஒரு தாளில் அப்படியே வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பதெல்லாம் இன்னொரு தாளில்தான் செய்ய வேண்டும் என்றாய். இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒரே கட்டமாக்கித் தலைப்பு போட்டால் அழகாக இருக்கும், ஆனால் வரிசைப்படுத்தும்போது எல்லாம் நொண்டியடிக்கும் என்றாய். எங்கள் டாக்டருக்கு முப்பரிமாணப் படம் என்றால் உயிர். கலர் கலராகத் தூண் தூணாக நிற்க வேண்டும் அவருக்கு. ஒருமுறை கம்பம் ஊரின் தூண் முன்னால் உயரமாக நின்றதில், பின்னால் மலையடிவாரத்துக் குடியிருப்பு ஒன்றின் சின்னத் தூண் மறைந்தே போய்விட்டது. நீதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாய். "அந்த ஊர்க்காரங்க படத்துலேயே இல்லப்பா, கம்பத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறாங்க" என்றாய். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை சொன்ன பேச்சு அது. அதைச் சொன்னவள் இப்போது அந்தப் பகுதியை வேறொரு டீச்சரிடம் தள்ளுகிறாள்.

சரி, அந்தச் சித்திரைக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் நாலு வருஷமாக அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறோம். வீட்டில் உன் அம்மா படம் மாட்டியிருக்கும் சுவரைக்கூட நீ பார்ப்பதில்லை, நான் துடைப்பதில்லை.

நீ காலேஜில் கடைசி வருஷம். புள்ளியியல் பேப்பர் ஒன்று நின்றுபோய், இரண்டாம் முறை எழுத இருந்தாய். படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாய். பங்குனியில் இருந்தே பள்ளத்தாக்கு முழுக்கக் காய்ச்சல். பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்று போட்டார்கள். கொசுவால் வருகிறது என்று எங்களுக்குத் தெரியும், ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை. கைகால் மூட்டெல்லாம் கழன்றுவிட்ட மாதிரி வலி, உடம்பில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே முகாம் போட்டிருந்தோம். ஒரு ஜீப், ஒரு டாக்டர், ரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு ஆள், புகை அடிக்கிற மிஷின். நமது வீட்டு வாசலில் நின்றால் ஜீப்பின் பின்பக்கம் தெரியும்.

வீரபாண்டியில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயிலில் கம்பம் நட்டார்கள் என்றால் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் கொட்டுச் சத்தம் ஆரம்பித்துவிடும். நமது ஊரிலும் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரைவிட்டுப் போய் ராத்தங்க மாட்டார்கள். ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள். காய்ச்சலும் தடிப்பும் என்றால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். என் சர்வீஸ் முழுக்க ஒவ்வொரு சித்திரையிலும் இதைப் பார்த்தவன் நான். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வாசல் காலியாகக் கிடக்கும், வீடுகளில் பாய் காலியாக இருக்காது. துணை சுகாதார நிலையங்களில் இருந்து வாராவாரம் வருகிற அறிக்கையும் அந்த வாரங்களில் வெறும் தாளாகத்தான் வரும். நர்ஸம்மாமார் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புவார்கள்.

காப்புக் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது, மறுநாள் மாவட்டக் கூட்டம். டாக்டர் படம் கேட்டார். நீயும் நானும் ஆபீசில் உட்கார்ந்து போட்டோம். பங்குனியில் இருந்து கோடு மேலே மேலே ஏறி வந்து, காப்புக் கட்டிய வாரத்தோடு அறுந்து நின்றது. அந்த வாரக் கட்டமும், அதற்கடுத்து அப்போது நடந்துகொண்டிருந்த வாரத்தின் கட்டமும் காலி. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா பாதியில நிக்குது? முழுசாப் போடு. இதைக் கொண்டுபோனா என்னைத்தான் கேப்பாக" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ சொன்னாய்: "காலியா விட்டா கோடு அறுந்துரும்பா. சைபர் போட்டா ஓடும்." நான் சொன்னேன்: "போடுத்தா." நீ போட்டாய். கோடு உச்சியில் இருந்து வழுக்கிக்கொண்டு வந்து தரையில் அழகாக உட்கார்ந்தது. எவ்வளவு சுத்தமான படம் அது. பார்த்த எனக்கே காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது.

இதில் யார் தப்பு அதிகம், யார் தப்பு குறைவு என்று நீ இத்தனை நாளாக மனசுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருக்கிறாய். விரல் உன்னுடையது, வாய் என்னுடையது, அவசரம் டாக்டருடையது. அவ்வளவுதான். இதைப் பிரித்துப் பிரித்து எடை போட்டு எனக்கு அலுத்துவிட்டது. உன்மேல் தப்பே இல்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம் நீ எழுந்து வெளியே போனாய். நான் அதைச் சொல்லப்போவதில்லை, பயப்படாமல் மேலே படி.

அந்தப் படத்தை ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். உன் அம்மா மஞ்சள் சேலையில், கையில் காப்போடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீ அந்தப் பேப்பரில் தேறினால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தாள். முந்தின நாளில் இருந்தே உடம்பு வலி, கண்ணெல்லாம் சிவப்பு. ரத்தம் பார்த்துவிடலாம், இதோ ஜீப் நிற்கிறது என்று நான் சொன்னதற்கு, "காப்பு அவுக்கட்டும், வாரேன். ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டு ஊசி குத்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். நீ படத்தை அவள் மடியில் வைத்து, இதுதான் ஊர்க் காய்ச்சல், இப்போது இறங்கிவிட்டது பார் என்று விளக்கினாய். அவள் கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். தரைக்கு வந்ததும் விரலை நிறுத்தினாள்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?" என்று கேட்டாள்.

நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நான் வேறு, "நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தானே எண்ணிக்கையில வருவ?" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே, "அப்ப என்னைய இல்லைன்னு வச்சுக்கிட்டீகளாக்கும்" என்றாள். வீட்டில் எப்போதும் நடக்கிற கிண்டல்தான். நீ அந்தத் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாய்.

மறுநாள் கூட்டம் முடிந்த கையோடு முகாமை எடுத்துவிட்டார்கள். நமது பக்கம் குறைந்துவிட்டது, வேறு பக்கம் கூடியிருக்கிறது என்று ஜீப்பையும் புகை மிஷினையும் அனுப்பினார்கள். படத்தைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? எனக்கு மட்டும் ஒரு நெருடல் இருந்தது. ஆனால் நானே கொடுத்த படத்தை எதிர்த்து நானே என்ன சொல்வது?

தீச்சட்டி அன்று காலையில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது. நான்தான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். முந்தின நாள்வரை அனலாகக் கொதித்த உடம்பு சாதாரணமாக இருந்தது. நம் இரண்டு பேருக்கும் எவ்வளவு சந்தோஷம். நீ அவளுக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டாய். இந்தக் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள், அன்றைக்குத்தான் ஆளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனவன் நான். அதே நான், பாதரசம் இறங்கியதைப் பார்த்ததும் தெர்மாமீட்டரை உதறி டப்பாவில் போட்டுவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்தேன். இதை நான் மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன். இரண்டு கோடு இறங்கின, ஒன்று ஊர்க் கோடு, ஒன்று என் வீட்டுக் கோடு. இரண்டையும் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

மத்தியானம் கோயிலில் இருந்து நடந்து வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிறு வலிக்கிறது என்றாள். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. நீ ஓடிப்போய் ஜீப் நின்ற இடத்தைப் பார்த்தாய். அங்கே டயர் தடம்தான் இருந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஒன்றைப் பிடித்து, தேனிக்குக் கொண்டுபோவதற்குள் திருவிழாக் கூட்டத்தில் வழி விடச் சொல்லிச் சொல்லி உன் தொண்டை கட்டிப்போனது. ஆஸ்பத்திரியில் அவள் கையில் இருந்த காப்பை வெட்டிவிட்டுத்தான் ஊசி ஏற்றினார்கள். அதை அவள் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

முகாம் அங்கேயே நின்றிருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது ஆத்தா. காப்பு அவிழ்க்காமல் அவள் வந்திருக்க மாட்டாள் என்று சில நாள் தோன்றும். வாசலில் உட்கார்ந்த அந்த நிமிஷமே ஜீப்பில் தூக்கிப் போட்டு, போகிற வழியிலேயே பாட்டில் ஏற்றியிருக்கலாம் என்று மற்ற நாளெல்லாம் தோன்றும். திருவிழா முடிந்த வாரம் ஊரில் அத்தனை பேரும் ஒரேயடியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கோடு சுவர் மாதிரி நிமிர்ந்தது. புதிதாகப் பரவுகிறது என்று எழுதினார்கள். புதிதாக எங்கே பரவியது? வீட்டுக்குள் பாயில் கிடந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த மாதம் உன் ரிசல்ட் வந்தது. புள்ளியியலில் தேறிவிட்டாய். நீ அந்த மார்க் ஷீட்டைக் கவரில் இருந்து வெளியே எடுக்கவே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ இந்த வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. வேறு ஒருத்தன் வந்து உட்காருவான். கெட்டிக்காரனாக இருப்பான், உன்னைவிட வேகமாகப் படம் போடுவான், என்னென்னவோ கலர் போடுவான். காலிக் கட்டம் வந்ததும், கோடு அறுந்து அசிங்கமாக இருக்கிறதே என்று சைபர் போடுவான். அல்லது இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் இழுத்துக் கட்டி நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி காட்டுவான். அவன்மேல் கோபப்பட முடியாது. சைபர் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம், காலி என்றால் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம், இது அவனுக்குப் பாடத்தில்தான் தெரியும். உனக்கு எப்படித் தெரியும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தெரிந்தவள் தேவாரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பட்டன் தட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தால், எனக்குக் கோபம்தான் வருகிறது. உன்மேல்தான் வருகிறது. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்ததை இன்று சொல்லிவிட்டேன்.

போனாயென்றால் உன் மேலதிகாரி கூட்டத்துக்கு முன்னால் அவசரப்படுத்துவார், எல்லா ஊரிலும் அவர் ஒருவர் இருப்பார். கோடு அறுந்திருந்தால் அறுந்தபடியே கொடு. அழகாக இல்லையே என்றால், அழகாக இல்லைதான் என்று சொல். கோடு கீழே இறங்கினால் எல்லாரும் கை தட்டுவார்கள், நீ மட்டும் போனை எடுத்து அந்த ஊர் நர்ஸைக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் இந்த வாரம் திருவிழாவா, அறுவடையா, பஸ் ஓடவில்லையா என்று கேள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், வராதவர்கள் இதில் இல்லை என்று ஒரு வரி போடு. படிக்க மாட்டார்கள், இருந்தாலும் போடு. வந்த எண்ணிக்கைத் தாளில் மட்டும் யார் சொன்னாலும் கை வைக்காதே. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான், திருப்பித் தருகிறேன்.

இன்னொரு விஷயம். ரிட்டயர் ஆகும்போது எல்லாரும் சால்வை போட்டார்கள், நான் டாக்டரிடம் அந்த வருஷத்து ஃபைலை ஒரு சிடியில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கொடுத்தார். அன்றைக்கு எச்சில் தட்டோடு நீ உள்ளே போன பிறகு அதைத் தேடி எடுத்தேன். மறுநாள் கம்பத்தில் ஒரு நெட் சென்டருக்குப் போய், அந்தத் தம்பியிடம் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி, மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து திறந்தேன். நீ போட்ட சைபரை அழித்தேன். அதற்கடுத்ததையும் அழித்தேன். மூன்றாவது வாரத்தில் யாரும் எதுவும் அடித்திருக்கவில்லை, ஆக திருவிழா முடிகிறவரை மூன்று கட்டமும் காலியானது. கோடு அறுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் நடுவில் இருக்கிற கட்டத்தில், தீச்சட்டி எடுத்த வாரம், ஒன்று என்று அடித்தேன்.

படத்தில் வரவில்லை ஆத்தா. கட்டத்தில் ஒன்று இருக்கிறது, படத்தில் காணோம். என் கண்தான் சரியில்லை என்று நினைத்து அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டு, "கோடு இழுக்க ரெண்டு புள்ளி வேணும் சார். இந்தப் பக்கமும் காலி, அந்தப் பக்கமும் காலி. ஒத்தையா நிக்கிறது தெரியாது" என்றான். தெரிய வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். ஏதோ ஒரு இடத்தில் புள்ளியைப் போடச் சொன்னால் போடும், அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை என்றான். உனக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை வா. பெங்களூர் போவதும் போகாததும் உன் இஷ்டம், அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள். சனிக்கிழமை என்னோடு அந்த நெட் சென்டருக்கு வந்து, மவுஸைப் பிடித்து, அந்த ஒற்றைப் புள்ளியை எனக்குத் தெரிய வைத்துவிட்டுப் போ. உன் அம்மா கேட்டதற்கு நாம் இரண்டு பேரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்பா